ஐந்தாவது நட்டு

நான்கு நட்டும் சுலபமாகத்தான் கழன்றன. ஐந்தாவதுதான் அசையமாட்டேன் என்கிறது, மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது, பத்து மணிக்கு மதுரையில் நீதிமன்றம் ஒதுக்கித் தந்த அந்த நீலச் சுவர் அறையில் ஆதிரை தரையில் கால் எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் இங்கே வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு பஞ்சர் கடையின் தகரக் கொட்டகையில் நின்று ஒரு நட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாதத்தில் முதல் சனி, மூன்றாம் சனி, பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அப்பா மகளைப் பார்க்கலாம். அப்பா வர நேரமானால் பத்தரை வரைக்கும் அம்மா காத்திருக்க வேண்டும், அதற்கு மேல் அவர் விருப்பம். உத்தரவு அப்படி. எனக்கு அது மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதனால்தான் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏழே காலுக்கே திண்டுக்கல்லிலிருந்து கிளம்பியிருக்க வேண்டியவன் ஏழே முக்காலுக்காவது கிளம்பினேன், நடுவில் அரை மணி நேரம் எங்கே போனது என்றால் கதவைப் பூட்டினேனா என்று பார்ப்பதில் போனது. கழற்றிய நான்கு நட்டையும் ஒச்சம்மாள் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டாள். ஒச்சம்மாள்தான் இந்தக் கடைக்காரி, என் வயதுதான் இருக்கும், நாற்பது, சேலைக்கு மேல் கிரீஸ் படிந்த ஆண் சட்டை, புருஷன் லாரியில் நாசிக் போயிருப்பதாகக் கேட்காமலே சொன்னாள். எதுக்கும்மா திரும்ப இறுக்குறீங்க என்றேன், எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "லாக் நட்டை அடிச்சுத்தான் எடுக்கணும் சார். மத்தது லூசாக் கெடந்தா பாரம் பூராம் இது ஒண்ணு மேல விழும், அப்புறம் உசுரே போனாலும் கழலாது" என்றாள். அதற்கு முன்னால், வண்டியை ஓரங்கட்டியதுமே, கையை நீட்டி அவள் கேட்டது "சாவி குடுங்க சார்" என்றுதான். கார்ச் சாவி இல்லை, லாக் நட்டுக்கென்று ஒரு சாவி உண்டு, கட்டைவிரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு முனையில் நெளிநெளியாக வெட்டியிருக்கும், அதை நட்டின் தலையில் பொருத்தி அதன்மேல் ஸ்பானரைப் போட்டால்தான் திரும்பும். அது டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் கறுப்பு ரெக்சின் பைக்குள் இருக்க வேண்டும். பையைக் கவிழ்த்து உதறினேன், மிதியடிகளை எல்லாம் தூக்கிப் பார்த்தேன், ஆதிரைக்காக வாங்கிய வண்ணப் பென்சில் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தேன், புத்தி கெட்டுப் போனால் பென்சில் டப்பாவில் நட்டுச் சாவியைத் தேடும்.

இந்த நட்டை யார் போடச் சொன்னது, நான்தான், யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டு பாஸ்கரன் காரை ஒருநாள் திருடர்கள் நான்கு செங்கல் அடுக்கின்மேல் நிற்க வைத்துவிட்டுச் சக்கரங்களை மட்டும் கொண்டுபோய்விட்டார்கள், பாஸ்கரன் கைலியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அன்று மாலையே சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு லாக் நட்டு வாங்கி மாட்டிவிட்டேன். என் குணம் அது. மில்லில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை, ஓடுகிற நூலில் எங்கே மெலிசு, எங்கே முடிச்சு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் சம்பளம் தருகிறார்கள், வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்தேன். கல்யாணமான புதிதில் செண்பகத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. திண்டுக்கல் மாப்பிள்ளை என்றதுமே எங்க சித்தி சொன்னாங்க, தாலியோட ஒரு பூட்டும் கொண்டு வருவாருன்னு, என்று சொல்லிச் சிரிப்பாள். பீரோவுக்குப் பூட்டு, பீரோ சாவி இருக்கிற மேசைக்குப் பூட்டு, மேசைச் சாவிக்கு ஓர் இடம், அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு ஒரு கட்டத்தில் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள், எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் கவனிக்கிறவன் அதைக் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கொடைரோடு வரை வந்துவிட்டேன், கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று ஒரு சின்னச் சந்தேகம், மூடியிருப்பாய் என்று ஒரு மனசு சொல்கிறது, வீடு எரிந்தால் என்று இன்னொரு மனசு, திரும்பிப் போனேன், மூடித்தான் இருந்தது, மதுரை வந்து சேரும்போது பத்து நாற்பது, நாற்காலி காலி. மேசைமேல் ஒரு காகிதத்தில் பாதி வரைந்த யானை இருந்தது, தும்பிக்கை இல்லாமல். வக்கீலிடம் மில்லில் அவசர வேலை என்று சொன்னேன். சிலிண்டர் என்று எப்படிச் சொல்வது. செண்பகத்தின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மனுப் போட்டுவிட்டார், தகப்பனுக்கு அக்கறை இல்லை, குழந்தை ஏமாந்து போகிறது, மாதம் ஒருமுறை போதும் என்று. பதினான்காம் தேதி விசாரணை. இன்றைக்கும் நாற்காலி காலியாக இருந்தால் பதினான்காம் தேதி நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இரண்டு சனியில் ஒரு சனி போய்விடும், ஆதிரைக்கு இப்போது ஏழு வயது, மாதம் இரண்டு மணி நேரம் பார்க்கிற ஆளை ஏழு வயதுப் பிள்ளை எத்தனை நாளைக்கு அப்பா என்று நினைத்துக்கொள்ளும்.

ஒச்சம்மாள் நட்டைச் சுற்றி டீசல் விட்டுவிட்டு ஊறட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். டீசல் ஊறுகிற நேரத்தில் என் புத்தி வழக்கமான வேலையைத் தொடங்கியது, யார் எடுத்தா. வீட்டில் எது காணாமல் போனாலும் எங்கே என்று எனக்குக் கேட்க வராது, யார் எடுத்தா என்றுதான் வரும், பேனா, நகவெட்டி, கரண்டு பில், தலைவலி மாத்திரை. இப்போதும் முதலில் செண்பகம் முகம்தான் வந்தது, அவள்தான் ஒழுங்குபடுத்துகிறேன் என்று எதையாவது எங்கேயாவது வைப்பாள் என்று நெஞ்சு பாதி வாக்கியத்தைச் சொல்லியும் விட்டது, பிறகுதான் அவள் வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது என்று உறைத்தது. சரி, அவள் இல்லை, அப்படியென்றால் வாட்டர் சர்வீஸ் பையன்களா, அவர்கள் டிக்கியைத் திறக்கவே இல்லை, நான்தான் பக்கத்திலேயே நின்றேனே. தங்கை மல்லிகாவா, ஆயுத பூஜைக்கு வந்திருந்தாள், அவள் பிள்ளைகள் எதையும் விட்டுவைக்கமாட்டார்கள், கேட்டுவிடலாம் என்று போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆயுத பூஜை. போனைத் தாழ்த்தினேன். மூன்று வாரத்துக்கு முன்னால், காரைக் கழுவி, டிக்கியில் இருந்த ஆயுதங்களை எல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து, ஜாக்கிக்கும் ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் சந்தனப் பொட்டு வைத்துச் செய்தித்தாள்மேல் வரிசையாக வைத்தேன், ஆனால் அந்தச் சாவியை மட்டும் அங்கே வைக்கவில்லை. அது சின்னது, உருண்டு போய்விடும், அது போனால் எல்லாம் போச்சு, அதனால் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில், பூக்குவியலுக்கு நடுவில், பத்திரமாக வைத்தேன். பத்திரமாக. மறுநாள் மற்றதையெல்லாம் எண்ணி எண்ணி எடுத்து டிக்கியில் வைத்தேன். சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் போடக்கூடாது என்று வாடிய பூ, இலை, எல்லாவற்றையும் அப்படியே சுருட்டி மஞ்சள் பையில் போட்டு, மில்லுக்குப் போகிற வழியில் குளத்தில் எறிந்தேன். சாமந்திப் பூ தண்ணீரில் விழுந்தால் சத்தமே கேட்காது. அன்றைக்கு டொப் என்று கேட்டது. தேங்காய் மூடியாக இருக்கும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன், ஆனால் தேங்காய் இரண்டு மூடியையும் மல்லிகா முதல் நாளே சட்னி அரைத்துவிட்டாளே. ஆக எடுத்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் முன்னால் செண்பகம் சொன்னது ஒரே ஒரு விஷயம், இவர் குடிச்சதில்ல மேடம், அடிச்சதும் இல்ல, ஆனா இவர் வீட்டுல இருக்கிற நேரம் பூரா நான் எதையோ திருடினவ மாதிரியே இருப்பேன். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. உன்னைத் திருடி என்று எப்போது சொன்னேன் என்று அங்கேயே கேட்டேன். சொன்னதில்லைதான். பேனாவைக் காணோம் என்று சொல்வேன், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன், அவ்வளவுதான் செய்தேன், ஒன்பது வருஷம்.

ஒன்பதரை. ஒச்சம்மாள் உளியை நட்டின் விளிம்பில் வைத்துத் தட்டத் தொடங்கினாள். நட்டின் தலையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதாம், அது தனியாகச் சுற்றுமாம், எதைப் போட்டுத் திருகினாலும் வளையம் மட்டும் சுற்றிக்கொண்டு உள்ளே இருப்பது அசையாமல் நிற்குமாம், திருடனை ஏமாற்ற. "நல்ல நட்டுதான் சார் போட்ருக்கீங்க" என்றாள், பாராட்டுகிறாளா திட்டுகிறாளா தெரியவில்லை. வளையத்தை உடைக்க வேண்டும், அப்போது அலாய் சக்கரத்தில் கீறல் விழும், சம்மதமா என்று கேட்டாள். கீறல். வேறொரு நாளாக இருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், பாலிஷ் போட்டால் போகுமா என்று அரை மணி நேரம் கேட்டிருப்பேன். அடிங்கம்மா என்றேன். ஒவ்வொரு அடிக்கும் என் தோள் குலுங்கியது. வக்கீலுக்குப் போன் போட்டேன், மணி அடித்து ஓய்ந்தது, சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், உச்சந்தலையில் எண்ணெய் வைத்தால் பதினோரு மணி வரைக்கும் போனைத் தொடமாட்டார், அதைப் பெருமையாக வேறு சொல்வார். திரும்பப் போட்டேன். எதுவானாலும் என் மூலமாத்தான் பேசணும், நேரா அந்தம்மாவுக்குப் போன் பண்ணாதீங்க, நாளைக்கு மிரட்டினார்னு சொன்னா என்ன பண்ணுவீங்க என்று அவர்தான் சொல்லியிருந்தார், ஒரு வருஷமாகச் செண்பகத்தின் போன் நம்பரைத் தொடவில்லை, அழிக்கவும் இல்லை. வளையம் தெறித்து விழுந்தது. உள்ளே மொழுமொழுவென்று நட்டின் தலை, பிடிக்க ஒரு முனை கிடையாது. ஒச்சம்மாள் நட்டைக் கவ்வுகிற பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட் குழலை வைத்துப் பார்த்தாள், ஆடியது, பதினெட்டு மேலேயே நின்றது, "இது போதும்" என்று அதைச் சுத்தியலால் அறைந்து நட்டின்மேல் ஏற்றினாள், பத்து அடி, பதினைந்து அடி, உள்ளே இறங்கிக் கவ்விக்கொண்டது. ஸ்பானர் பிடியில் நீளமான தண்ணீர்க் குழாயைச் செருகி அதன் முனையில் ஏறி நின்றாள். குழாய் வளைந்தது. இப்போது கழன்றால் ஒன்பது ஐம்பது, ஸ்டெப்னி மாட்ட ஐந்து நிமிடம், இங்கிருந்து முப்பது நிமிடம், மதுரைக்குள் பாலத்தில் நெரிசல் இல்லாமல் இருந்தால் பத்து இருபத்தைந்து, முடியும், முடியும். டக் என்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன், கையைக்கூடக் கூப்பிவிட்டேன், சாக்கெட்தான் பிளந்திருந்தது. ஒச்சம்மாள் கீழே குதித்து அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "வெல்டிங் வச்சாத்தான் கேக்கும். நட்டு மேல இன்னொரு நட்டை வச்சு ஒட்டித் திருகுனா வந்துரும். ஆனா இன்னைக்குக் கரண்டு கட்டு சார், மாசா மாசம் நிப்பாட்டுவாய்ங்கள்ல, சாயந்தரந்தேன் வரும். இல்லாட்டி உளியை வச்சு ஓரத்துல பையப் பையத் தட்டித்தேன் திருப்பணும். மத்தியானம் ஆயிரும்" என்றாள்.

மத்தியானம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் என்ன செய்தேன் என்றால் காரைச் சுற்றி நடந்தேன். மற்ற மூன்று சக்கரத்தையும் பார்த்தேன், மூன்றிலும் ஒவ்வொன்று, பளபளவென்று, சாவியில்லாத நட்டு. இப்போதே மூன்றையும் எடுத்துவிட்டால் நல்லது, நாளைக்கு இன்னொன்று பஞ்சரானால், என்று யோசித்தேன், இன்றைக்கே நாசமாகிக்கொண்டிருக்கும்போது நாளைக்கு என்ன என்று யோசித்தேன், அப்படிப்பட்ட புத்தி. திரும்பவும் ஒரு சுற்று. பத்து ஆக இரண்டு நிமிடம். இந்நேரம் ஆதிரை பையைத் திறந்து வரைகிற நோட்டை எடுத்திருப்பாள், கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவாள், தூக்கிவிட்டுக் குனிந்துகொள்வாள், செண்பகம் ஜன்னல் பக்கம் நிற்பாள். மகள் மதுரையில் காத்துக்கிட்டிருக்கா, பத்தரைக்குள்ள போகணும், போகலைன்னா பார்க்கவே விடமாட்டாங்க என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஒச்சம்மாள் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளையப் பாக்கவா போறீங்க? அப்ப பஸ்ல போக வேண்டியதுதானே சார்" என்றாள். சாலையைக் கைகாட்டினாள். நான் வந்து நின்ற இந்த ஒன்றரை மணி நேரத்தில் மதுரை பஸ் எத்தனை போயிருக்கும், பத்து பஸ்ஸாவது போயிருக்கும், ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால்தான் போயின, எனக்குக் கேட்கத்தான் செய்தது, அவற்றில் ஏறலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்கே தெரியும். பஸ்ஸில் போனால் காரை விட்டுவிட்டுப் போக வேண்டும். காரை விட்டால் சாவியை விட வேண்டும். முன்பின் தெரியாத ஓர் இடம், முன்பின் தெரியாத ஆள், உள்ளே ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், டாஷ்போர்டில் வீட்டுச் சாவி இன்னொரு செட். சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டவன் காரையே கொடுத்துவிட்டுப் போவதா. "வண்டிய நான் என்ன தலையில தூக்கி வச்சுக்கிட்டா ஓடப் போறேன், அதான் ஒரு சக்கரம் அசைய மாட்டேங்குதே" என்றாள் ஒச்சம்மாள், நான் ஒன்றும் சொல்லாமலே அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வெட்கமாகிவிட்டது, செண்பகத்துக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லாமலே. தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு விரல் சாவியை விடவில்லை, அவள்தான் சற்று இழுத்து வாங்கினாள். பென்சில் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன், கண்ணாடியை ஏற்றினேனா என்று பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

பத்து ஐந்து. உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்டக்டர் இந்தப் பஸ் இடையில் எல்லா ஊரிலும் நிற்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், சமயநல்லூரில் ஐந்து நிமிடம் போனால் பத்தே முக்கால், அதற்கு மேலும் ஆகலாம், பத்தரை கடந்துவிடும், எப்படிப் போட்டாலும் கடந்துவிடும். வக்கீலுக்கு இன்னொருமுறை போட்டேன், எடுக்கவில்லை. அப்புறம் செண்பகத்தின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். மிரட்டினார் என்று சொல்வாளா, சொல்லமாட்டாள், அவள் எப்போதுமே அப்படிச் சொல்கிறவள் இல்லை, சந்தேகப்பட்டதெல்லாம் நான்தான். அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லுங்க" என்றாள், குரல் அப்படியே இருந்தது. பஞ்சர், பஸ்ஸில் வருகிறேன், பத்தே முக்கால் ஆகிவிடும், என்று மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன். "பத்தரைக்கு மேல நாங்க இருக்கணும்னு இல்ல" என்றாள். தெரியும் என்றேன். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டது, இல்லை அது பஸ் சத்தமாகவும் இருக்கலாம். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. காலைலேருந்து உங்க வேலைதான் பாத்துக்கிட்டிருக்கா, கதவு மேலயே கண்ணு" என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டாள். அப்பா என்று ஆதிரை கூப்பிட்டதும் சொல்லுடா என்று கத்திவிட்டேன், பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும். எங்கப்பா இருக்கீங்க என்றாள். சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று, "கார்ச் சக்கரம் கழற்ற ஒரு சாவி வேணும்டா. அந்தச் சாவியைக் காணோம். அதான் அப்பாவுக்கு லேட்டு" என்றேன். ஏழு வயது, கேள்வி மேல் கேள்வி கேட்கிற பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "நான் எடுக்கலப்பா" என்றாள்.

அழவில்லை, பயந்த மாதிரிகூட இல்லை, வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் கம்பியை விட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நீ எடுக்கலடா. எனக்குத் தெரியும். அப்பாதான் தொலைச்சேன், பூவோட சேத்துக் குளத்துல நானே போட்டுட்டேன்" என்றேன். அவள் அதை யோசிப்பது எனக்குக் கேட்டது. "அம்மா எடுக்கலையா?" என்றாள். "அம்மாவும் எடுக்கல. அம்மா எதையுமே எடுத்ததில்ல" என்றேன். "அப்ப அதை அம்மாகிட்டச் சொல்லுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது, செண்பகத்தின் மூச்சு கேட்டது. சொன்னேன். பஸ் இரைச்சலில் எவ்வளவு கேட்டதோ தெரியாது, குளத்தைச் சொன்னேன், பேனாவைச் சொன்னேன், ஆகஸ்டில் மில் வேலை இல்லை, சிலிண்டர்தான் என்பதையும் சொன்னேன். முடித்ததும் வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை. "ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகாதீங்க, சுத்து. பாத்திமா காலேஜ் ஸ்டாப்புல இறங்கி ஆட்டோ பிடிங்க" என்றாள்.